நடுவே ஒருமுறை கிளறவும்

1992-இல் அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத் தலைநகர் ஜூனோவில் ஒரு விருந்து. சுட்ட பன்றி இறைச்சிதான் அதில் முக்கியப் பதார்த்தம். மிஞ்சியதை ஆளுக்குக் கொஞ்சம் பொட்டலம் கட்டி வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். பிறகு வயிற்றுப்போக்கு, காய்ச்சல் என்று பலர் படுத்துவிட்டார்கள். காரணம் சால்மொனெல்லா கிருமி. விசாரிக்க வந்த பொதுச் சுகாதாரத் துறையினர், யார் என்ன சாப்பிட்டார்கள் என்பதோடு நிறுத்தவில்லை; எடுத்துப்போனதை எதில் வைத்துச் சூடு பண்ணினீர்கள் என்றும் கேட்டார்கள். வீட்டில் சூடு பண்ணிச் சாப்பிட்டதாகச் சொன்னவர்கள் 30 பேர். அவர்களில் 20 பேர் வாணலியிலோ சாதாரண ஓவனிலோ சூடாக்கியிருந்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மீதி 10 பேர் மைக்ரோவேவில் சூடாக்கியிருந்தார்கள்; பத்துப் பேருமே நோயில் விழுந்தார்கள்.

ஒரே இறைச்சி, ஒரே கிருமி. அடுப்பு மட்டும்தான் வேறு.

மைக்ரோவேவ் அடுப்பு பிறந்து அப்போது அரை நூற்றாண்டு ஆகப்போகிறது. அந்த ஐம்பது வருடத்தில் அதைப் பார்த்து ஜனங்கள் படாத பயம் இல்லை. கதிர் கசியும், கண்ணில் புரை விழும் என்றார்கள். பயமெல்லாம் அடுப்பின் கதவைப் பற்றியது. தட்டின் நடுவில் சில்லென்று கிடக்கும் கவளத்தைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் குறைவு. இன்று உணவுப் பொட்டலத்தின் பின்புறம் பொடி எழுத்தில் இருக்கும் ‘மூடி வைக்கவும், நடுவே ஒருமுறை கிளறவும், இரண்டு நிமிடம் விட்டு எடுக்கவும்’ என்ற மூன்று கட்டளைகளும் அடுப்போடு சேர்ந்து பிறந்தவை அல்ல. எல்லாம் பின்னால் வந்தவை, பட்டுத் தெரிந்துகொண்டவை.

கதை தொடங்குவது சமையலறையில் அல்ல, போரில். 1940 பிப்ரவரியில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் ராண்டல், ஹாரி பூட் என்ற இரு இயற்பியலாளர்கள் ஒரு செப்புக் கட்டியில் துளைகள் குடைந்து மாக்னெட்ரான் ஒன்றை இயக்கிக் காட்டினார்கள். ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் நீள அலைகளை அதுவரை இல்லாத வலுவோடு அது உமிழ்ந்தது. எதிரி விமானத்தைத் தேடும் ரேடாருக்கு இதைவிட வேறு வரம் வேண்டியதில்லை. ஆனால் குண்டுமழைக்கு நடுவே அதைப் பெருமளவில் செய்யப் பிரிட்டனுக்கு வசதி போதவில்லை. அதே ஆண்டு ஹென்றி டிசார்ட் தலைமையில் சென்ற தூதுக்குழு, ஒரு மாக்னெட்ரானைப் பெட்டியில் வைத்து அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்காவிடம் ஒப்படைத்தது.

அங்கே அது பெர்சி ஸ்பென்சரின் கைக்கு வந்தது. மெய்ன் மாநிலத்தில் 1894-இல் பிறந்தவர். பள்ளிப் படிப்பை முடிக்காமலே சிறுவயதில் ஆலை வேலைக்குப் போனவர். பிறகு கடற்படையில் சேர்ந்து, இரவுக் காவல் நேரத்தில் புத்தகங்களை வைத்துத் தானே வானொலித் தொழில்நுட்பம் கற்றுக்கொண்டவர். மாசச்சூசெட்ஸில் இருந்த ரேதியான் நிறுவனத்தில், மாக்னெட்ரானைக் குடைந்தெடுப்பதற்குப் பதிலாக மெல்லிய தகடுகளை வெட்டி அடுக்கிச் செய்யும் வழியை அவர் கண்டுபிடித்தார். போர் முடியும் காலத்தில் உற்பத்தி நாளொன்றுக்கு 2,600-ஐத் தொட்டது. ஓடிக்கொண்டிருந்த மாக்னெட்ரான் அருகே ஒருநாள் நின்றபோது அவர் சட்டைப்பையில் இருந்த மிட்டாய் உருகியது என்பது எல்லோரும் சொல்லும் கதை. சோளம் பொரிந்ததும், பச்சை முட்டை வெடித்துப் பக்கத்தில் நின்றவர் முகத்தில் அப்பியதும் அதன் தொடர்ச்சி. கதையில் எத்தனை மசாலா சேர்ந்ததோ, 1945 அக்டோபரில் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது மட்டும் ஆவணத்தில் இருக்கிறது. உணவைப் பக்குவப்படுத்தும் முறை என்ற அந்தக் காப்புரிமை 1950 ஜனவரியில் கிடைத்தது.

1947-இல் ரேதியான் வெளியிட்ட முதல் மைக்ரோவேவ் அடுப்பான ‘ரேடாரேஞ்ச்’ ஓர் ஆள் உயரம் இருந்தது. எடை ஏறத்தாழ 340 கிலோ. உள்ளே இருந்த மாக்னெட்ரான் சூடாகாமலிருக்கத் தண்ணீர்க் குழாய் இணைப்பு வேறு வேண்டும். வீட்டுக்கு அது லாயக்கில்லை. கப்பல், உணவகம் என்று ஒரே நேரத்தில் பலருக்குச் சூடாகப் பரிமாற வேண்டிய இடங்களுக்குத்தான் போனது. ஜப்பானில் தோஷிபா செய்த மைக்ரோவேவ், 1964-இல் டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே ஓடத் தொடங்கிய ஷின்கான்சென் அதிவேக ரயிலின் சிற்றுண்டிப் பெட்டியில் ஏறியது. சமைக்கும் அடுப்பு என்று பெயர் வாங்கினாலும், தொடக்கத்திலிருந்தே அதன் பிழைப்பு சமைத்து வைத்ததைச் சூடாக்குவதுதான்.

அதில் சூடேறியவை எல்லாம் உணவும் அல்ல. 1950-களின் நடுவில் லண்டன் மில் ஹில்லில் இருந்த தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில், உடல் உறையும் அளவுக்குக் குளிரவைத்த எலிகளையும் ஹாம்ஸ்டர்களையும் மீண்டும் உயிர்ப்பிக்கும் ஆராய்ச்சி நடந்தது. அதுவரை சூடான கரண்டியை அவற்றின் மார்பில் வைத்துத்தான் இதயத்தைத் துடிக்கவைத்தார்கள், தோல் வெந்துபோகும். அதைப் பார்க்கப் பொறுக்காமல் மாக்னெட்ரான் அலைகளைப் பயன்படுத்திப் பார்த்தவர், பிற்காலத்தில் பூமியே ஓர் உயிரியைப் போல இயங்குகிறது என்ற ‘கையா’ கருத்தால் புகழ்பெற்ற ஜேம்ஸ் லவ்லாக். அதே கருவியில் தன் மதியச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டதாகவும் அவர் சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்குள் நுழைய இன்னும் கொஞ்சம் காலம் பிடித்தது. 1955-இல் டாப்பன் நிறுவனம் விற்ற வீட்டு மைக்ரோவேவின் விலை 1,295 டாலர், வாங்க ஆளில்லை. ரேதியான் கையகப்படுத்திய அமானா நிறுவனம் 1967-இல் சமையல் மேடைமேல் வைக்கும் அளவில் ஒன்றை 495 டாலருக்குக் கொண்டுவந்ததும் நிலைமை மாறியது. அதற்கு முந்தைய ஆண்டே ஜப்பானின் ஷார்ப் நிறுவனம், உள்ளே தட்டு சுழலும் வீட்டு மைக்ரோவேவை விற்கத் தொடங்கியிருந்தது. நேரம் முடிந்ததும் மணி அடிக்கும் ஏற்பாட்டையும் அந்த நிறுவனம் சேர்த்தது. அந்த மணியின் ‘சின்’ என்ற ஓசை ஜப்பானிய மொழியில் ஒரு வினைச்சொல்லாகவே ஆகிவிட்டது. ஜப்பானிய வீட்டில் பழைய சாதத்தைச் சூடு பண்ணு என்று சொல்ல, ‘சின் பண்ணு’ என்றால் போதும்.

சுழலும் தட்டு அழகுக்கு வந்ததல்ல. மைக்ரோவேவ் அடுப்பின் முதல் குறைக்குக் கண்ட மருந்துகளில் ஒன்று அது.

வீட்டு மைக்ரோவேவ்கள் 2,450 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்குகின்றன. அலையின் நீளம் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர். உலோகச் சுவர்களில் பட்டுப் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று மோதும்போது, சில இடங்களில் வலு கூடும், சில இடங்களில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஒன்றுமில்லாமல் போகும். உணவு அசையாமல் இருந்தால் ஓரிடம் கொதிக்கும், மூன்று விரற்கடை தள்ளி இன்னோர் இடம் குளிர்ந்தே கிடக்கும். ஆரம்பகால அடுப்புகளில் அலையைச் சிதறடிக்க உலோக விசிறி ஒன்றை வைத்தார்கள். பிறகு உணவையே சுழலவிட்டார்கள். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. தட்டு எவ்வளவு சுழன்றாலும் அதன் நடுப்புள்ளி இருந்த இடத்திலேயே இருக்கும். கிண்ணத்தை நட்ட நடுவில் வைக்காமல் ஓரமாக வைக்கச் சொல்வது இதனால்தான்.

மைக்ரோவேவ் உணவை உள்ளிருந்து வெளியே சூடாக்கும் என்று ஒரு நம்பிக்கை இன்றும் இருக்கிறது. உண்மையில் அலைகள் பெரும்பாலான உணவுகளில் ஓரிரு அங்குலத்துக்குள்ளேயே தேய்ந்துவிடும். அதற்கும் உள்ளே இருக்கும் பகுதி, சூடான பகுதியிலிருந்து வெப்பம் மெல்லப் பரவினால்தான் சூடாகும். மேற்பரப்பின் கதையும் விசித்திரமானது. சாதாரண ஓவனில் காற்றே கொதிக்கும். மைக்ரோவேவுக்குள் காற்று சூடாவதில்லை. ஆகவே உணவின் மேற்புறத்தில் ஈரம் ஆவியாகி, அந்த இடம் உள்ளே இருப்பதைவிடக் குளிர்ந்துபோகும். பழைய இறைச்சியில் கிருமி அதிகம் ஒட்டிக்கொண்டிருப்பதும் அங்கேதான். வாணலியில் போட்டால் இறைச்சியின் மேற்புறம் சுடு இரும்பைத் தொட்டு வறுபடும். மைக்ரோவேவில் திறந்து வைத்தால் அதே மேற்புறம் தப்பித்துவிடும். ஜூனோவில் பத்துப் பேர் படுத்ததற்கு இதைவிட நல்ல விளக்கம் தேவையில்லை. மூடி வைக்கவும் என்ற கட்டளையின் பொருளும் இதுதான்: மூடினால் ஆவி உள்ளேயே நின்று மேற்புறத்தை வேகவைக்கும்.

விறகடுப்பிலோ கேஸ் அடுப்பிலோ மீந்த குழம்பைச் சுண்டவைக்கும்போது கை தானாகக் கிளறும். மணம் வரும், தளதளவென்று கொதிக்கும் சத்தம் கேட்கும், அடிப்பிடித்தால் மூக்கு சொல்லிவிடும். மைக்ரோவேவ் இந்தச் சைகைகள் எல்லாவற்றையும் ஒரு கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டு, பதிலுக்கு ஒரு மணியைக் கொடுத்தது. மணி சொல்வது நேரம் முடிந்தது என்று மட்டுமே. உணவு சூடானதா என்பது அதற்குத் தெரியாது.

ஆனால் 1970-களில் அமெரிக்கா கவலைப்பட்டது இதைப் பற்றி அல்ல. 1968-இல் கதிர்வீச்சிலிருந்து மக்களைக் காக்கும் சட்டம் ஒன்று வந்தது. அதன் கீழ் 1971-இல் மைக்ரோவேவ் அடுப்புக்கான தரம் நடைமுறைக்கு வந்தது. புது அடுப்பிலிருந்து 5 சென்டிமீட்டர் தூரத்தில் அளக்கும்போது, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லிவாட்டுக்கு மேல் கசியக் கூடாது. அதன் ஆயுள் முழுக்க 5 மில்லிவாட்டைத் தாண்டக் கூடாது. கதவு திறந்தால் அலை நின்றுவிட வேண்டும், அதற்கு ஒன்றுக்கு இரண்டு பூட்டு விசைகள் வேண்டும். அப்படியும் சந்தேகம் ஓயவில்லை. 1973-இல் ‘கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்’ இதழ் சந்தையில் இருந்த மைக்ரோவேவ்களைச் சோதித்துவிட்டு எதையும் பரிந்துரைக்க மறுத்தது. 1977-இல் பால் பிராடியர் என்ற பத்திரிகையாளர் அமெரிக்காவை அலைகள் தாக்குகின்றன என்று ஒரு புத்தகமே எழுதினார். கதவுக்குச் சட்டம் வந்தது, அளவுகோல் வந்தது, அளக்கும் கருவி வந்தது. உள்ளே வைத்த சோற்றுக்கு ஒன்றும் வரவில்லை.

அது வந்தது பிரிட்டனில்.

1979-இல் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடைகள் சிக்கன் கீவ் என்ற பதார்த்தத்தை உறையவைக்காமல், வெறுமனே குளிரவைத்து விற்கத் தொடங்கின. சமைத்துக் குளிரவைத்த சாப்பாடு என்ற புதிய வியாபாரத்தின் அடையாளமாக அது ஆனது. அலுவலகத்திலிருந்து வரும் வழியில் வாங்கி, வீட்டில் சூடாக்கிச் சாப்பிடும் பழக்கமும் மைக்ரோவேவும் கைகோத்து வளர்ந்தன. இந்தக் கூட்டணிக்கு நடுவே ஒரு கிருமி நுழைந்தது. பெரும்பாலான கிருமிகள் குளிர்பதனப் பெட்டியில் அடங்கிக் கிடக்கும். லிஸ்டீரியா அப்படியல்ல, அந்தக் குளிரிலும் மெல்லப் பெருகும். கர்ப்பிணிகளையும் முதியோரையும் அது கொல்லும். 1980-களின் இறுதியில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் லிஸ்டீரியா நோயாளிகள் எண்ணிக்கை ஏறத்தாழ இரட்டிப்பானது. பெல்ஜியத்திலிருந்து வந்த ஒருவகை இறைச்சி விழுதுதான் அதில் பெரும்பங்குக்குக் காரணம் என்று பிறகு தெரிந்தது. ஆனால் தேடல் நடந்தபோது கண்கள் குளிர்பதனப் பெட்டிமீதும் மைக்ரோவேவ்மீதும் திரும்பின. முட்டையில் சால்மொனெல்லா என்று பேசி, எட்வினா கரி என்ற சுகாதாரத் துறை இளைய அமைச்சர் 1988 டிசம்பரில் பதவி விலக நேர்ந்த காலம் அது. சாப்பாடு என்றாலே நாடு பதறிக்கொண்டிருந்தது.

லிஸ்டீரியாவைக் கொல்ல உணவின் ஒவ்வொரு பகுதியும் 70 டிகிரி செல்சியஸில் 2 நிமிடம் இருக்க வேண்டும் என்பது நிபுணர்கள் வகுத்த கணக்கு. 1989-இல் பிரிட்டன் விவசாய அமைச்சகம் விற்பனையில் இருந்த மைக்ரோவேவ்களைச் சோதித்தபோது, பொட்டலத்தில் சொன்ன நேரம் முழுக்க வைத்தும் சில அடுப்புகள் உணவை அந்த அளவுக்குக் கொண்டுவரவில்லை. மறு ஆண்டு லீட்ஸைச் சேர்ந்த நுண்ணுயிரியலாளர்கள் ஸ்டீபன் டீலரும் ரிச்சர்ட் லேசியும் ‘நேச்சர்’ இதழில் இன்னொரு காரணத்தை முன்வைத்தார்கள்: உப்பு. மசித்த உருளைக்கிழங்கில் உப்பு கூடக் கூட, அலையின் சக்தியை மேற்பகுதியே உறிஞ்சிக்கொள்கிறது, உட்பகுதிக்குக் குறைவாகப் போய்ச் சேர்கிறது. அடுப்பு ஒன்றுதான், நேரமும் ஒன்றுதான். உப்பு போட்டதற்கும் போடாததற்கும் உள்ளே கிடைக்கும் சூடு வேறு.

கடைசியில் குழப்பத்தின் ஒரு வேர் வெகு சாதாரணமானது என்று தெரியவந்தது. ‘650 வாட்’ என்று ஒட்டியிருந்த இரண்டு அடுப்புகள் ஒரே அளவு சூட்டைத் தரவில்லை. வாட்டை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக அளந்துகொண்டிருந்தார்கள். எனவே எல்லோருக்கும் ஒரே சோதனை வைத்தார்கள். 10 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரை அடுப்பில் வைத்து, 20 டிகிரிக்கு வர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்ப்பது சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் முறை. 1992-இல் பிரிட்டன் அதன்படி புதிய முத்திரையைக் கொண்டுவந்தது. அடுப்பின் முகப்பில் வாட் அளவு. பக்கத்தில் சிறிய பொட்டலங்களைச் சூடாக்கும் திறனுக்கு ஏ முதல் இ வரை ஓர் எழுத்து. உணவுப் பொட்டலத்திலும் அதே எழுத்துகள். அடுப்பு ‘பி’ என்றால் இத்தனை நிமிடம், ‘இ’ என்றால் இத்தனை நிமிடம். அடுப்பும் பொட்டலமும் ஒரே பாஷையில் பேச அரை நூற்றாண்டு பிடித்தது.

அட்லாண்டிக்கின் மறுகரையில் அந்த உரையாடல் 2007-இலும் தடுமாறியது. அந்த அக்டோபரில் உறையவைத்த மாவுப் பணியாரம் ஒன்று கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. உள்ளே இறைச்சியும் காய்கறியும், மேலே மாவு மூடி. ‘பாட் பை’ என்பார்கள். 41 மாநிலங்களில் 401 பேருக்கு சால்மொனெல்லா தொற்று உறுதியானது. அது சூடாக்கினால் போதும் என்ற பண்டம் அல்ல, முழுதாக வேகவைக்க வேண்டிய பண்டம். ஆனால் வாங்கியவர்களுக்கு அது சூடு பண்ணிச் சாப்பிடும் பொருளாகத்தான் தெரிந்தது. விசாரிக்கப்பட்ட நோயாளிகளில் முக்கால்வாசிப் பேர் மைக்ரோவேவைப் பயன்படுத்தியிருந்தார்கள். தங்கள் அடுப்பு எத்தனை வாட் என்று தெரிந்தவர்கள் அவர்களில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. உறைபண்டத்தில் இன்னொரு சூதும் உண்டு. பனிக்கட்டி மைக்ரோவேவை அவ்வளவாக உறிஞ்சாது, தண்ணீர் ஆவலோடு உறிஞ்சும். ஓரத்தில் கொஞ்சம் உருகிவிட்டால் சூடெல்லாம் அந்த நீருக்கே போகும். ஓரம் கொதித்துக்கொண்டிருக்க, நடுவில் பனிக்கட்டி அப்படியே இருக்கும். பாதியில் திறந்து கிளறச் சொல்வது, அந்த ஓரத்துச் சூட்டை நடுவுக்குப் பங்கு போடத்தான்.

எந்த அடுப்பாலும் சரிசெய்ய முடியாத மீதமும் உண்டு. 1970-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் சீன உணவகங்களில் பொரித்த சோறு சாப்பிட்டவர்கள் சில மணி நேரத்தில் வாந்தி எடுப்பது திரும்பத் திரும்ப நடந்தது. சாதம் மொத்தமாக வடித்து, ராத்திரி முழுக்க அறை வெப்பத்தில் வைக்கப்பட்டிருந்தது; குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் பருக்கைகள் ஒட்டிக்கொண்டு பொரிக்க வராது என்பது சமையல்காரர்கள் சொன்ன நியாயம். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அரிசியோடு வந்து, கொதிநீரிலும் சாகாமல், ஆறும் சோற்றில் பெருகி நஞ்சைச் சுரந்திருந்தன. மறுநாள் வாணலிச் சூட்டில் பாக்டீரியா செத்தது, நஞ்சு சாகவில்லை. சோறு வாழும் வீடுகளுக்கு இது அந்நியச் செய்தி அல்ல: வடித்ததை ஆறவிட்டுச் சீக்கிரம் குளிரில் வைத்தால்தான் மறுநாள் சூடு பண்ணுவதற்கே அர்த்தம்.

குழந்தையின் பால் புட்டியில் தலைகீழ் ஆபத்து. புட்டியைத் தொட்டால் இளஞ்சூடாக இருக்கும்; உள்ளே நடுவில் இருக்கும் பால் நாக்கைப் பொசுக்கும். பாலை மைக்ரோவேவில் சூடாக்க வேண்டாம், வெந்நீர்ப் பாத்திரத்தில் வையுங்கள் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்வது இதனால். அதே பெட்டி, அதே சீரற்ற சூடு. ஒரு பக்கம் குளிர்ந்த கவளம், இன்னொரு பக்கம் கொதிக்கும் மிடறு.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் உணவுச் சட்ட மாதிரி, மைக்ரோவேவில் மறுபடி சூடாக்கும் உணவுக்கு இன்று நான்கு காரியங்களைச் சொல்கிறது: மூடு, கிளறு அல்லது திருப்பு, எல்லா இடத்திலும் 74 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுவா, மூடியபடியே 2 நிமிடம் விடு. கடைசியாகச் சொன்ன இரண்டு நிமிடத்தில் அடுப்பு ஓடுவதில்லை. சூடான இடம் குளிர்ந்த இடத்துக்குத் தன் சூட்டைக் கடனாகக் கொடுக்கும் நேரம் அது. மணி அடித்தபின் நடக்கும் சமையல் என்றே சொல்லலாம்.

ஜப்பானிய அடுப்புகளில் அந்தப் பழைய உலோக மணி எப்போதோ போய்விட்டது. இப்போது மின்னணு ஒலிதான். ‘சின் பண்ணு’ என்ற சொல் மட்டும் மணியில்லாமலே புழங்குகிறது. பல அடுப்புகளில் வேலை முடிந்ததும் மூன்று முறை ‘பீப்’ அடிக்கும். கதவைத் திறக்காவிட்டால் கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அடிக்கும், அதற்கப்புறமும் அடிக்கும். பொட்டலத்தின் பொடி எழுத்து காத்திரு என்று சொல்லும் அதே இரண்டு நிமிடத்தில், சாப்பாட்டை எடுத்துப்போகச் சொல்லிப் பெட்டி அவசரப்படுத்திக்கொண்டே இருக்கிறது.